முப்பத்திரண்டாம் நாள் கதவைத் தட்டுங்கள்

கொழும்பு வடக்கின் மரண சகாய சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, மட்டக்குளி, முகத்துவாரம் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒழுங்கையிலும் தொடர்மாடியிலும் இயங்கும் மரண சகாய சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். எங்கள் சங்கத்துக்கு மாதம் 200 ரூபா சந்தா கட்டுகிறேன். இரண்டரை வருடத்துக்கு முன், ஒரு புதன்கிழமை விடியற்காலையில் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு 44 வயது. மகனுக்கு அப்போது 13, மகளுக்கு 6.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். அன்று காலை நான் வீட்டுக்குத் திரும்பி வரும்போதே ஒழுங்கை வாசலில் இரண்டு பொடியன்கள் ஏணி வைத்து வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே கூடாரம் போட்டாயிற்று, அறுபது கதிரைகள் வந்தாயிற்று, தேத்தண்ணி கொதிக்கிறது. என் கையில் கசங்கிப்போயிருந்த அடையாள அட்டையை யாரோ மெதுவாய் வாங்கிக்கொண்டு மரணப் பதிவுக்கு ஓடினார்கள். லிஃப்டில் பெட்டி கொள்ளாது என்று தெரிந்ததும் ஆறு பேர் சத்தமில்லாமல் மூன்று மாடியும் தோளில் தூக்கி ஏற்றினார்கள், பிறகு தூக்கி இறக்கினார்கள். அந்த ஆறு பேரில் மூன்று பேர் சைவம், இரண்டு பேர் வேதம் (கிறிஸ்தவர்), ஒருவர் இஸ்லாம். இரவு முழுக்கக் கரம் போர்டும் கடதாசிக் கட்டும் வைத்துக்கொண்டு விடியும்வரை முழித்திருந்தீர்கள். பொரளை கனத்தை மயானத்துக்குப் போக பஸ் பிடித்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதல் மூன்று நாளும் நான் பையைத் திறக்கவே இல்லை.

எட்டுச் செலவு நடந்தது. அந்தியேட்டி நடந்தது. அவருடைய ஊர் வழக்கப்படி கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தோம். கனடாவிலிருந்து வந்த மச்சான் லீவு முடிந்து பன்னிரண்டாம் நாளே திரும்பிவிட்டார், பாவம், அவர் என்ன செய்வார். முப்பத்தோராம் நாள் மதியம் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். சங்கத்துக் கிடாரங்களைப் பொடியன்கள் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கடிதம் அதற்கு அடுத்த நாளைப் பற்றியது.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் என் குசினி மேசையில் பதினேழு பாத்திரங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒரு மாதமாய் ஆளாளுக்குச் சோறும் சொதியும் இடியப்பமும் கொண்டுவந்த பாத்திரங்கள். எது யாருடையது என்று துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டி, கழுவித் துடைத்து வரிசையாய் வைத்தேன். பாத்திரம் எடுக்க யாராவது வருவார்கள், வந்தால் உட்கார்ந்து கொஞ்சம் கதைக்கலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் பார்த்தேன். யாரும் வரவில்லை. அப்புறம் நானே ஒவ்வொரு வீடாய்க் கொண்டுபோனேன். எல்லோரும் அன்பாய்த்தான் வாங்கினார்கள், ஆனால் நிலைப்படியிலேயே வாங்கினார்கள். "பிறகு வாறன் அக்கா" என்றார்கள். என் முகத்தைப் பார்க்க அவர்களுக்குக் கஷ்டமாய் இருந்தது. என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அதில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டில் சாவு விழும்வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். மேல்மாடியில் ஒரு தாய் இறந்தபோது எட்டாம் நாள் வரைக்கும் போனேன். பிறகு படியில் எதிர்ப்பட்டால் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்கு விளங்கும்.

மகள் சின்னவள், பயந்துவிடுவாள் என்று சொல்லிச் செத்தவீடு நடந்த மூன்று நாளும் அவளை வத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து "அப்பா எங்கே" என்றாள். "அப்பா வெளிநாடு போயிட்டார்" என்று சொன்னோம். அப்பம்மா சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாய் நம்பக்கூடிய பொய் வேறில்லை. அவளுடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மாமா லண்டனில், சித்தி கட்டாரில். ஆனால் அதே காரணத்தால்தான் அந்தப் பொய் அவளை வதைத்தது. வெளிநாடு போனவர்கள் எல்லோரும் வீடியோ கோல் எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். "அப்பா மட்டும் ஏன் எடுக்கிறார் இல்ல?" என்று கேட்டுக் கேட்டுப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நாங்கள் நிம்மதிப்பட்டோம். விளையாடினாள், சிரித்தாள், சாப்பிட்டாள். "பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்ல, நல்லதாப் போச்சு" என்றார் மாமி.

நான்காம் மாதம் ஒரு நாள் அலுமாரியைச் சுத்தம் பண்ணும்போது மகனுடைய உடுப்புகளுக்கு அடியில் என் கணவருடைய போன் கிடைத்தது. அது எங்கேயோ தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் முழுதாய் சார்ஜ் ஏறியிருந்தது. வாட்ஸ்அப்பில் அப்பம்மாவின் இலக்கத்திலிருந்து நாற்பத்தொரு குரல் செய்திகள். எல்லாம் மகள் அனுப்பியவை. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான். தங்கச்சி இரவில் அப்பம்மாவின் போனை எடுத்து அப்பாவுக்குப் பேசி அனுப்புகிறாளாம். அப்பாவின் போன் அணைந்திருந்தால் ஒரு சரி அடையாளம்தான் விழும். "ஒரு சரியோட நின்டா அவ அழுறா அம்மா. ரெண்டு விழுந்தா தூங்கிருவா." அதற்காக அந்தப் போனைத் தினமும் சார்ஜ் போட்டு, டியூஷனுக்கு பஸ்ஸில் போகக் கொடுத்த காசில் ரீலோட் பண்ணி, தான் நடந்து போயிருக்கிறான். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். திறந்தால் நீலமாகிவிடும், அப்பா கேட்டுவிட்டார் என்று நினைத்துவிடுவாள், அது இன்னும் பெரிய பொய் என்றான்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை. நான்கு மாதம். ஒரே வீட்டுக்குள் இருந்த எனக்கே தெரியவில்லை.

அவன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன். மொட்டைத் தலையோடு ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் போனான். அன்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவன் தோளைத் தட்டிச் சொன்ன வார்த்தை, "இனி நீதான் ராசா வீட்டுக்கு ஆம்பிளை. அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாக்கோணும். அழக்கூடாது." நல்ல மனதோடு சொன்னதுதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். தங்கச்சியைப் பார்த்துக்கொண்டான். அழவே இல்லை. தகப்பனை இழந்த பிள்ளைக்கு, தான் பிள்ளையாய் இருக்கிற உரிமையையும் அன்றைக்கே நாங்கள் எடுத்துவிட்டோம். உங்களிடம் நான் கேட்பதில் முதலாவது இதுதான். இந்த வசனத்தை எங்கள் செத்தவீடுகளிலிருந்து எடுத்துவிடுங்கள். மூத்த அங்கத்தவர்கள் யாராவது சொல்ல வாயெடுத்தால் பக்கத்தில் நிற்பவர் தடுக்கட்டும். அதற்குப் பதில் "சாப்பிட்டியா ராசா" என்று கேளுங்கள், போதும்.

மகளுக்கு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தவர் எதிர்வீட்டு அன்ரி. அவர் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் தன் மகளைப் பறிகொடுத்தவர். அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இறந்த 260க்கும் மேற்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. அன்ரி சொன்னார்: "ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் 21ஆம் திகதி மெழுகுதிரி வரும், மலர் வரும், கமரா வரும், ஆயர் வருவார், மந்திரிமார் வருவினம். 22ஆம் திகதி நான் தனியத்தான் பிள்ளை. எனக்கு 22ஆம் திகதி தான் ஆள் வேணும்." எனக்கு என் முப்பத்திரண்டாம் நாள் ஞாபகம் வந்தது. அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து பதினொரு மணிவரை கதைத்தோம். நான்கு மாதத்தில் என் கணவருடைய பெயரைச் சொல்லி என்னிடம் கதைத்த முதல் ஆள் அவர்.

அடுத்த ஞாயிறு மகளை மடியில் வைத்துச் சொன்னேன். "அப்பாவுடைய இதயம் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. டொக்டர்மார் சரியாக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்பா செத்துவிட்டார். செத்தவர்களுக்கு வலிக்காது, பசிக்காது, குளிராது. அவர்களால் கோல் எடுக்க முடியாது. திரும்பி வரவும் முடியாது. நாங்கள் பொய் சொன்னது பிழை." அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் கோவிச்சதாலயா?" முந்தின நாள் இரவு பென்சில் பெட்டி வாங்கி வரவில்லை என்று அப்பாவோடு கதைக்காமல் படுத்திருக்கிறாள். நான்கு மாதமாய் அந்தப் பாரத்தை அவள் சுமந்திருக்கிறாள், அந்தக் குரல் செய்திகளில் பாதி மன்னிப்புக் கேட்டு அனுப்பியவை. இல்லை, கோபத்தால் யாரும் சாவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரிதாய் அழுதாள். பிறகு "நீங்களும் சாவீங்களா?" என்றாள். பிறகு, கண்ணீர் காயுமுன்னே, "பணிஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பணிஸ் கேள்வி என்னைக் குழப்பியது. பிறகு தேடி வாசித்தேன். சின்னப் பிள்ளைகள் துக்கத்தைத் தொடர்ந்து தாங்க மாட்டார்கள், கொஞ்சம் அழுவார்கள், ஓடிப்போய் விளையாடுவார்கள், திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம். பெரியவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தானாம். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் இதை எழுதியிருக்கிறார்கள். துக்கப்படுகிறவர் ஒரு நேரம் இழந்ததன் பக்கம் போவார், ஒரு நேரம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பக்கம் போவார், இப்படிப் போய்ப்போய் வருவதுதான் இயல்பு, ஒரே பக்கத்தில் தங்கிவிட்டால்தான் கஷ்டம் என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து படி, ஒன்று முடிந்தால் அடுத்தது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கியூப்ளர் ரோஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பார்த்து. வீட்டில் மிஞ்சி இருப்பவர்களை அந்தப் படியில் ஏற்றி இறக்க வேண்டாம். "இன்னுமா அழுறீங்க, ஆறு மாசம் ஆச்சே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆறாம் மாதம்தான் எனக்கு அழுகையே வரத் தொடங்கியது. அதுவரைக்கும் கந்தோர் கந்தோராய் அலைந்ததில் அழ நேரமில்லை.

எங்கள் முன்னோர் இதையெல்லாம் அறியாதவர்கள் இல்லை. எட்டு, முப்பத்தொன்று, ஆறாம் மாதம், ஆட்டைத்திவசம், அதற்குப் பிறகு தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. வேதக்காரருக்கு ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை, ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் கல்லறையில் மெழுகுதிரி. கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா நாலு மாதமும் பத்து நாளும். துக்கம் ஒரு நாளில் போகாது, திரும்பத் திரும்ப வரும், வரும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்துதான் இவ்வளவு நாள்களைக் குறித்து வைத்தார்கள். போன ஆடி அமாவாசைக்கு மகனோடு முகத்துவாரம் கடற்கரைக்குப் போனேன். நூற்றுக்கணக்கான ஆண்கள், வயதானவர்கள்கூட, ஈர வேட்டியோடு தகப்பனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்த பிறகு மகன் வீட்டுக்கு வந்து முதல் தடவையாய் அப்பாவைப் பற்றித் தானாகக் கதைத்தான்.

ஊரில் இந்த நாள்களுக்கு நடுவில் இருக்கிற நாள்களைக் கூட்டுக்குடும்பம் பார்த்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, இந்தப் பக்கம் சித்தப்பா. கொழும்பு மாடி வீட்டில் அது இல்லை. இங்கே அந்த இடத்தில் இருப்பது நீங்கள்தான். சொந்தக்காரர் வருமுன்னே வந்து நிற்பது உங்கள் கதிரைதான்.

அந்த நாள்கள்கூடக் கிடைக்காத வீடுகளும் எங்கள் ஒழுங்கைகளில் உண்டு. 2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கும்வரைக்கும் எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் குளிப்பாட்டாமல், கபனிடாமல், ஜனாஸாத் தொழுகை இல்லாமல் தங்கள் ஆளைக் கொடுத்தன. எந்தச் சங்கமும் அன்று ஒரு கதிரை போட முடியவில்லை. அந்த வீடுகளுக்கு நாங்கள் ஒரு தேத்தண்ணி கடன்பட்டிருக்கிறோம். இத்தனை வருடம் கழித்துப் போனாலும் அது பிந்திப் போனதாகாது.

சரி, நான் என்ன கேட்கிறேன்?

யாப்பில் ஒரு வரி சேருங்கள். சாவு நடந்த வீட்டுக்கு முப்பத்திரண்டாம் நாள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போவார்கள் என்று. ஒருவர் பெண்ணாய் இருக்கட்டும். அதே இரண்டு பேர் பிறகு மாதம் ஒரு தடவை, ஒரு வருடம் முடியும்வரை போகட்டும். இறந்தவருடைய பிறந்தநாள், பிள்ளைகளின் பிறந்தநாள், முதல் தீபாவளி, முதல் நத்தார், முதல் பெருநாள், இதையெல்லாம் செயலாளருடைய கொப்பியில் குறித்து வையுங்கள். சந்தாக் கொப்பியில் யார் எந்த மாதம் கட்டவில்லை என்று குறிக்கிற உங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

போய் என்ன கதைப்பது என்று கேட்பீர்கள். பெரிதாய் ஒன்றும் வேண்டாம். இறந்தவருடைய பெயரைச் சொல்லுங்கள். சந்திக் கடைத் தம்பி ஒரு நாள் எனக்குப் பாண் சுற்றிக் கொடுத்துக்கொண்டே "அண்ணன் இருந்தா நேத்து மெட்ச் முடியும்வரை இங்கதான் நின்றிருப்பார்" என்றான். அந்த ஒரு வசனத்தில் ஒரு வாரம் நான் ஓடினேன். அழுதால் அழ விடுங்கள். "விதி", "கடவுள் நல்லவரைச் சீக்கிரம் கூப்பிடுவார்" எதுவும் வேண்டாம். "ஏதும் தேவையென்டா சொல்லுங்கோ" என்றும் சொல்லாதீர்கள், கேட்கத் தெம்பு இருக்காது. "சனிக்கிழமை உங்கட மகளையும் எங்கட பிள்ளையோட டியூஷனுக்குக் கூட்டிப் போறன்" என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று. அமெரிக்காவில் போர்ட்லன்ட் நகரில் டக்கி சென்டர் என்று ஓர் இடம் 1982இலிருந்து நடக்கிறது. தாயை, தகப்பனை, சகோதரத்தை இழந்த பிள்ளைகள் வயதுவாரியாய்க் கூடுகிறார்கள். விளையாடுகிறார்கள், விரும்பினால் கதைக்கிறார்கள், விரும்பாவிட்டால் சும்மா இருக்கிறார்கள். தன்னைப் போல இன்னொரு பிள்ளையும் இருக்கிறது என்று கண்ணால் காண்பதுதான் அங்கே நடக்கிற பெரிய காரியம். இதற்குக் கட்டடம் வேண்டாம், சம்பளக்காரர் வேண்டாம். எங்களிடம் கரம் போர்டு இருக்கிறது. செத்தவீட்டு இரவுக்கு எடுத்துவிட்டுப் பிறகு சங்க அறையில் சாத்தி வைக்கிற அதே போர்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அதை வெளியே எடுங்கள். பக்கத்தில் பொறுமையான பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும். பிள்ளைகளைத் தனியாய் எந்த ஒருவரோடும் விட வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும், தாய்மார் வெளியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கட்டும். எங்கள் ஒழுங்கையில் மட்டும் கடந்த மூன்று வருடத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் ஏழு பேர் என்று எண்ணினேன். ஒருவரை ஒருவர் படியில் பார்த்துச் சிரிப்பார்கள். அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் ஒருவர் போக வேண்டும். என் மகன் திரும்பிப் போன அன்று வகுப்பில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தொப்பியைக் கழற்று என்று ஓர் ஆசிரியர் சொல்ல, மொட்டைத் தலையைப் பார்த்து முழு வகுப்பும் சிரித்தது. ஆசிரியர் பிறகு விஷயம் அறிந்து அழுதார். நான் அன்று பள்ளிக்கூடம் போகிற நிலையில் இல்லை. சங்கத்திலிருந்து ஒருவர் முதல் நாளே போய் வகுப்பாசிரியரிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தந்தையர் தின வாழ்த்து அட்டை செய்கிற நாளில் என் மகள் கழிவறையில் போய் இருந்தாள் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடதாசி வேலை. மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, அரச உத்தியோகம் என்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். ஒவ்வொன்றுக்கும் வேறு கந்தோர், வேறு படிவம், அதிலும் சில கந்தோர்களில் கையில் கிடைப்பது சிங்களப் படிவம் மட்டும். நான் ஒரே விஷயத்துக்கு ஐந்து தரம் போனேன். ஒவ்வொரு தரமும் முன்பின் தெரியாத ஒருவரிடம் "என் கணவர் இறந்துவிட்டார்" என்று முதலிலிருந்து சொன்னேன். ஏற்கனவே இதைச் செய்து முடித்தவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு ஒரு கோப்பு செய்து சங்க அறையில் வையுங்கள். சான்றிதழில் எத்தனை பிரதி எடுக்க வேண்டும் என்பதிலிருந்து எழுதுங்கள். சிங்களம் நன்றாய்த் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும்.

"நாங்கள் டொக்டர்மார் இல்லையே, ஏடாகூடமாய் ஏதும் ஆகிவிட்டால்?" என்று எங்கள் பொருளாளர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான வீடுகளுக்கு டொக்டர் தேவைப்படாது, மனிதர் போதும். ஆனால் சில வீடுகளில் துக்கம் இறுகிப்போகும். மாதக்கணக்கில் எழும்பாமல், சாப்பிடாமல், ஆளைத் தேடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாமல் ஒருவர் கிடப்பார். ஆறு மாதத்துக்கு மேலும் அப்படியே நின்று வாழ்க்கையை முடக்கினால் அது வைத்தியம் தேவைப்படுகிற நிலை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இப்போது இருக்கிறது. "நானும் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று ஒருவர் சொன்னால் ஆறு மாதம் பார்க்காதீர்கள், அன்றைக்கே கூட இருங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தினுடையது, இரவிலும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். 1333 ஓர் இலவச ஆலோசனை இலக்கம். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974இலிருந்து கொழும்பில் மனம் விட்டுப் பேச வருபவர்களுக்குக் காது கொடுக்கிறது. போகிற அந்த இரண்டு பேரின் கையிலும் இந்த இலக்கங்கள் இருக்கட்டும். நானும் ஓர் இரவு 1926க்கு எடுத்தேன். ஒரு பெண் குரல். இருபது நிமிடம் நான் அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் பிள்ளைகளுக்குப் புட்டு அவித்தேன்.

காசு எவ்வளவு ஆகும் என்றும் பொருளாளர் ஐயா கேட்டார். தேத்தண்ணிக்கும் பிஸ்கட்டுக்கும் ஆகும். சாவுக்கு முன்பணமாய் நாங்கள் எல்லோரும் சந்தா கட்டுகிறோம். அந்தச் சந்தாவில் முப்பத்திரண்டாம் நாளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் சங்கப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டேன். மற்றச் சங்கங்கள் உங்கள் கூட்டத்திலும் இதை எடுங்கள், இந்த மடலை வாசியுங்கள், பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் போன மாதம் ஒரு தகப்பன் இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அடுத்த வருடம் ஓ.எல். எடுக்கிறாள். வருகிற சனிக்கிழமை முப்பத்தொன்று. அன்று நீங்கள் எல்லோரும் போவீர்கள். கிடாரம் கழுவுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான் போகிறேன். எதிர்வீட்டு அன்ரியும் வருகிறார். என் மகள் தன்னுடைய கலர்ப் பென்சில் பெட்டியை எடுத்து வைத்திருக்கிறாள், மகன் கரம் போர்டைத் தூக்கி வருகிறேன் என்றிருக்கிறான். சங்க அறைச் சாவி உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அன்று மூன்றரைக்கு அறையைத் திறந்து விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் ஓர் அங்கத்தவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13